கேசட்டில் இருக்கும் குரலை கணினிக்குக் கொண்டுவர எந்த கேபிள் வேண்டும்?

திருச்சியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பீரோவைச் சுத்தம் செய்தபோது பழைய ஹேண்டிகேமும் பதினொரு சின்ன கேசட்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் அவருடைய மாமனார், பேத்தியின் முதல் பிறந்தநாளில் பேசியது பதிவாகியிருக்கிறது. மாமனார் இப்போது இல்லை. அந்தப் பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். தாத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

‘கணினிக்கு மாற்றலாம் என்றால் வீட்டில் ஆளுக்கொரு கேபிள் சொல்கிறார்கள். மகன் யுஎஸ்பி கேபிள் போதும் என்கிறான். கொழுந்தனார் டிவியில் சொருகும் மூன்று கலர் வயர்தான் சரி என்கிறார். ஆன்லைனில் ஹெச்டிஎம்ஐ என்று போட்டிருக்கிறது. கேமராவின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையில் இது எதுவுமே நுழையவில்லை. எதை வாங்குவது?’ என்று கேட்டிருக்கிறார்.

மூன்று பேர் சொன்னதும் ஏதோ ஒரு கேமராவுக்குச் சரியான பதில்தான். அவருடைய கேமராவுக்கு எது என்பதுதான் கேள்வி. கேபிள் கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியது, உங்கள் கேமரா எதில் பதிவு செய்தது என்பதை. அது தெரிந்துவிட்டால் கேபிள் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள்

தமிழ்நாட்டு வீடுகளின் பரண்களில் இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

ஒன்று, புத்தகம் அளவுக்குப் பெரிய விஹெச்எஸ் கேசட். கல்யாண வீடியோக்காரர் தோளில் வைத்து எடுத்த காலத்தது. இதன் குட்டி வடிவம் விஹெச்எஸ்-சி.

இரண்டு, ஆடியோ கேசட் அளவில், கொஞ்சம் தடிமனாக இருக்கும் 8 மில்லிமீட்டர் கேசட். 1985-ல் வந்தது வீடியோ 8. 1989-ல் அதைவிடத் தெளிவான ஹை 8 வந்தது. 1999-ல் அதே கேசட்டிலேயே டிஜிட்டலாகப் பதிவு செய்யும் டிஜிட்டல் 8 கேமராக்களை சோனி கொண்டுவந்தது. கேசட் ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருக்கும் பதிவு வேறு. எனவே, கேமராவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மூன்று, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளங்கையில் அடங்கிவிடும் மினி டிவி கேசட். இந்த ‘டிவி’ கூடத்தில் இருக்கும் டிவி இல்லை. ‘டிஜிட்டல் வீடியோ’ என்பதன் சுருக்கம். 1995-ல் அறிமுகமானது. நம் ஊரில் 2000-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் கையில் அதிகம் பார்த்தது இதைத்தான்.

நான்கு, கேசட்டே இல்லாத கேமராக்கள். சின்ன டிவிடி தட்டு, உள்ளேயே இருக்கும் ஹார்டு டிஸ்க், அல்லது மெமரி கார்டு.

திருச்சி வாசகி அனுப்பிய படத்தில் இருப்பது மூன்றாவது வகை. எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

மினி டிவி, டிஜிட்டல் 8: ஃபயர்வயர்தான்

இந்தக் கேமராக்களின் பக்கவாட்டில், ரப்பர் மூடிக்குள், மிகச் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அதன் அருகில் ‘டிவி’ என்றோ, ‘ஐ-லிங்க்’ என்றோ, ‘ஐஇஇஇ 1394’ என்றோ எழுதியிருக்கும். மூன்றும் ஒன்றுதான். பொதுப் பெயர் ஃபயர்வயர். ஆப்பிள் முன்னின்று உருவாக்கியது. சோனி அதற்கு வைத்த பெயர்தான் ஐ-லிங்க். கேமரா பக்கம் இருப்பது 4 பின் கொண்ட சின்ன வகை.

மூன்று கலர் வயரும் இந்தக் கேமராவில் வேலை செய்யுமே, பிறகு ஏன் இதற்காக மெனக்கெட வேண்டும்?

இப்படி யோசியுங்கள். தாத்தா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுப்பது ஒரு வழி. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கேட்டு எழுதிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டிலும் விஷயம் வந்துவிடும். ஆனால், இரண்டாவதில் தாத்தாவின் கையெழுத்து போய்விடும்; நடுவில் சில வார்த்தைகளும் மாறியிருக்கும்.

மினி டிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் எண்கள். ஃபயர்வயர் அந்த எண்களை அப்படியே கணினிக்குக் கடத்துகிறது. மூன்று கலர் வயரில் கேமரா அந்த எண்களைப் பழைய டிவி சிக்னலாக மாற்றி அனுப்பும். மறுபக்கத்தில் ஒரு கருவி அதை மறுபடியும் எண்ணாக மாற்றும். இரண்டு தடவை மாறும்போது ஓரங்கள் மங்கும். பட்டுப்புடவையின் சிவப்பு கரையைத் தாண்டி வழியும்.

இன்னொரு லாபமும் உண்டு. கேமராவில் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் படம் எடுத்தார்கள் என்பதும் மினி டிவி கேசட்டில் படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். திரையில் தேதி தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும். ஃபயர்வயரில் எடுத்தால் அதுவும் கணினிக்கு வந்துவிடும். ‘இது பெரியவளுக்கு மொட்டை போட்டபோதா, சின்னவளுக்கா?’ என்ற சண்டைக்கு அங்கேயே தீர்ப்பு கிடைக்கும். கலர் வயரில் அந்தத் தகவல் வராது.

இடம் எவ்வளவு வேண்டும்? ஒரு மணி நேர கேசட்டுக்குச் சுமார் 13 ஜிபி. பதினொரு கேசட் என்றால் சுமார் 143 ஜிபி. இன்றைய வெளி ஹார்டு டிஸ்க்குகளில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நேரம்? கேசட் ஓடும் நேரம்தான். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம். எந்த கேபிளாலும் இதைக் குறைக்க முடியாது.

யுஎஸ்பி ஓட்டையும் இருக்கிறதே!

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மினி டிவி கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி ஓட்டையும் இருக்கும். கணினியில் சொருகினால் ஏதோ ஒரு படமும் தெரியும். ‘வேலை முடிந்தது’ என்று நினைத்துவிடுவோம்.

அந்த யுஎஸ்பி பெரும்பாலான மாடல்களில், மெமரி கார்டில் எடுத்த புகைப்படங்களை மாற்றுவதற்கும், கேமராவை வெப்கேமாகப் பயன்படுத்துவதற்கும் வைக்கப்பட்டது. அந்தக் காலத்து யுஎஸ்பியின் உச்ச வேகமே விநாடிக்கு 12 மெகாபிட். கேசட்டிலிருந்து வரும் வீடியோவுக்கு மட்டுமே 25 மெகாபிட் வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட முடியுமா? அதனால் படத்தைச் சுருக்கி, தபால்தலை அளவில் அனுப்பும். ஃபயர்வயரின் வேகமோ 400 மெகாபிட்.

பின்னாளில் வந்த சில மாடல்களில் வேகமான யுஎஸ்பி 2.0 மூலமே முழுத் தரத்தில் வீடியோவை அனுப்பும் வசதி இருந்தது. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று கேமராவின் கையேட்டில் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால், மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் பல கேமராக்களுக்கு இணையத்தில் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ஃபயர்வயரையே நம்புங்கள்.

இந்த கேபிளை மட்டும் வாங்காதீர்கள்

ஆன்லைன் கடைகளில் ஒரு கேபிள் விற்கிறார்கள். ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் 4 பின் ஃபயர்வயர். விலையும் குறைவு. பார்த்தவுடன், ‘அட, நமக்குத் தேவையானது இதுதானே!’ என்று தோன்றும்.

அது வேலை செய்யாது. யுஎஸ்பியும் ஃபயர்வயரும் வேறு வேறு மொழி பேசுபவை. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் இல்லாமல், வயரை மட்டும் ஒட்டவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. பிளக் மட்டும் பொருந்தும். கணினியில் எதுவும் தெரியாது. காசு போவது ஒரு பக்கம். பொருந்தாத மின்சாரம் பாய்ந்தால் கேமராவின் ஃபயர்வயர் பகுதிக்கே ஆபத்து. கேமராவில் அது போய்விட்டால் ரிப்பேர் பார்க்க இன்று ஆள் கிடைப்பது கஷ்டம்.

‘6 பின்னை யுஎஸ்பியாக மாற்றும்’ சின்ன அடாப்டர்களும் இதே கதைதான்.

கணினியில் ஃபயர்வயர் இல்லையே, என்ன செய்வது?

இன்று கடையில் வாங்கும் எந்த லேப்டாப்பிலும் இது இருக்காது. வழிகள் மூன்று இருக்கின்றன.

முதல் வழி, டெஸ்க்டாப் கணினி. அதற்குள் பொருத்தும் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு’ இன்றும் கிடைக்கிறது. உங்கள் ஊரில் கணினி ரிப்பேர் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொடுத்துவிடுவார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டு கிடைத்தால் நல்லது, தொல்லை குறைவு. கார்டில் பெரும்பாலும் 6 பின் ஓட்டை இருக்கும். எனவே, வாங்க வேண்டிய கேபிள், ஒரு முனை 4 பின், மறுமுனை 6 பின். விண்டோஸ் 10-ல் கேமரா தெரியவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் ‘லெகசி’ 1394 டிரைவரைப் போட்டால் பல நேரம் சரியாகிவிடும்.

இரண்டாவது வழி, பழைய லேப்டாப். 2005 முதல் 2010 வரை வந்த லேப்டாப்புகள் பலவற்றில் 4 பின் ஃபயர்வயர் ஓட்டை இருந்தது. சோனி வயோவில் ‘ஐ-லிங்க்’ என்ற பெயரில் இருக்கும். ‘ஆன் ஆகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது’ என்று சித்தப்பா வீட்டில் மூலையில் போட்டிருக்கும் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த வேலைக்கு அதன் வேகம் போதும். அப்போது வேண்டிய கேபிள் இரு முனையும் 4 பின்.

மூன்றாவது வழி, மேக். 2012 மேக்புக் ப்ரோ வரை சில மாடல்களில் 9 பின் ஃபயர்வயர் 800 ஓட்டை இருந்தது. அதற்கு 9 பின்னிலிருந்து 4 பின் கேபிள் வேண்டும். அதற்குப் பிந்தைய மேக் என்றால், மாடலைப் பொறுத்து ஆப்பிளின் தண்டர்போல்ட் அடாப்டர் ஒன்றையோ, இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகவோ சொருகி, அதன் முனையில் இந்த கேபிளைப் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த வேலை பாக்கி இருந்தால், மேக்கைப் புதுப்பிக்கும் முன் முடித்துவிடுங்கள்.

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். விண்டோஸுக்கு ‘வின்டிவி’ என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் பழகியவர்களுக்கு ‘டிவிகிராப்’ இருக்கிறது.

வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நேரடியாகப் பதிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது ‘ஃபேட் 32’ முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால், 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாகச் சேமிக்க முடியாது. இருபதாவது நிமிடத்திலேயே பதிவு நின்றுவிடும். நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள். விண்டோஸில் ‘என்டிஎஃப்எஸ்’ முறையில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் அதை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

சொருகும்போது கவனம்

ஃபயர்வயர் கேபிளைச் சொருகும்போதும் கழற்றும்போதும் கேமரா அணைந்திருக்கட்டும். 6 பின் பக்கத்தில் மின்சாரமும் வருகிறது. அந்த பிளக்கின் ஒரு முனை மட்டும் கூம்பாக இருக்கும். திருப்பிப் போட்டு அழுத்தினால் தளர்ந்துபோன சாக்கெட்டில் தலைகீழாகவும் நுழைந்துவிடும். கேமராவின் சர்க்யூட் அந்த நொடியே எரிந்துபோகலாம். வெளிச்சத்தில் வைத்து, வடிவம் பார்த்துச் சொருகுங்கள். வீட்டில் சின்னப் பசங்க இருந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வீடியோ 8, ஹை 8, விஹெச்எஸ்: இங்கேதான் கலர் வயர்

கொழுந்தனார் சொன்ன மூன்று கலர் வயருக்கான இடம் இது. இந்த கேசட்டுகளில் இருப்பது டிஜிட்டல் இல்லை; பழைய முறைப் பதிவு. எனவே, அதை எண்ணாக மாற்ற நடுவில் ஒரு ‘வீடியோ கேப்சர்’ கருவி வேண்டும். ஒரு பக்கம் கலர் வயர் சாக்கெட்டுகள், மறுபக்கம் யுஎஸ்பி. சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது.

மஞ்சள் வயரில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் ஒலி. ஆனால், ஹை 8 கேமரா என்றால் அதில் வட்டமான, 4 பின் கொண்ட ‘எஸ்-வீடியோ’ சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனியே வருவதால் படம் தெளிவாக இருக்கும். அதில் ஒலி வராது. வெள்ளை, சிவப்பு வயர்களையும் சேர்த்தே சொருக வேண்டும். ‘எஸ்-வீடியோ போட்டேன், படம் வருகிறது, சத்தம் இல்லை’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பல கேமராக்களில் கலர் வயரின் மறுமுனை, ஹெட்போன் பின் மாதிரி ஒற்றைப் பின்னாக இருக்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், உள்ளே கம்பிகள் வரும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமராவோடு வந்த வயர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வேறு வயரைப் போட்டு, படம் வராமல் ‘கொர்ர்’ என்று சத்தம் மட்டும் வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மஞ்சள் சாக்கெட்டில் சிவப்பு பின்னையோ வெள்ளைப் பின்னையோ மாற்றிச் சொருகிப் பாருங்கள். பல நேரம் படம் வந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த கேமராவா? அங்கே புழங்குவது ‘என்டிஎஸ்சி’ முறை. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ‘பால்’ முறை. கேப்சர் மென்பொருளில் இதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். இங்கே வாங்கிய கேமராவுக்கு பால், அமெரிக்கக் கேமராவுக்கு என்டிஎஸ்சி.

8 மில்லிமீட்டர் கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. டிஜிட்டல் 8 கேமராக்கள் பலவற்றில் பழைய வீடியோ 8, ஹை 8 கேசட்டையும் போட்டு ஓட்டலாம். ஓட்டும்போதே அது டிஜிட்டலாக மாற்றி, ஃபயர்வயர் வழியாக அனுப்பிவிடும். மலிவான கேப்சர் கருவியைவிட இதில் தரம் நன்றாக இருக்கும். எல்லா டிஜிட்டல் 8 மாடலிலும் இந்த வசதி இல்லை; கையேட்டில் பார்த்துவிட்டு உறவினர்களிடம் இரவல் கேளுங்கள்.

பெரிய விஹெச்எஸ் கேசட்டுக்கு விசிஆர்தான் வழி. விஹெச்எஸ்-சி கேசட்டை அதற்கான அடாப்டர் பெட்டியில் வைத்து விசிஆரில் போடலாம். 8 மில்லிமீட்டர் கேசட்டுக்கு அப்படி ஒரு அடாப்டர் கிடையவே கிடையாது. யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. எனவே, ஓடும் நிலையில் ஒன்று கிடைத்தால் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேசட் இல்லாத கேமராக்கள்: மகன் சொன்ன யுஎஸ்பி

ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு கேமராக்களில் வீடியோ ஏற்கெனவே கோப்பாகத்தான் இருக்கிறது. யுஎஸ்பி கேபிளால் இணைத்து, புகைப்படத்தை நகலெடுப்பதுபோல நகலெடுத்துக்கொள்ளலாம். கேமரா பக்கம் பெரும்பாலும் ‘மினி யுஎஸ்பி’ ஓட்டை இருக்கும். செல்போனின் மைக்ரோ யுஎஸ்பி அதில் பொருந்தாது. சில ஹார்டு டிஸ்க் ஹேண்டிகேம்களில் யுஎஸ்பி ஓட்டை கேமராவில் இருக்காது. கூடவே வந்த தாங்கிப் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியைத் தேடுங்கள்.

2006-க்குப் பிறகு வந்த ‘ஏவிசிஹெச்டி’ கேமரா என்றால், வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் ‘ஏவிசிஹெச்டி’ என்ற ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். நீளமான பதிவைக் கேமரா பல துண்டுகளாக வெட்டிச் சேமிக்கும். அவற்றைச் சேர்த்து ஓட்டும் குறிப்பு மற்ற ஃபோல்டர்களில் இருக்கும். அதை விட்டுவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் ஒரு நொடி துண்டு விழலாம்.

ஹெச்டிஎம்ஐ ஓட்டை? அது டிவியில் போட்டுப் பார்ப்பதற்கு. கணினியில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ ஓட்டையும் படத்தை வெளியே அனுப்புவதற்குத்தான். இரண்டையும் இணைத்தால் இரண்டு பேர் வாயில் போனை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. கேட்க ஆள் இல்லை.

சின்ன டிவிடி தட்டில் பதிவு செய்யும் கேமராவில், தட்டைக் கணினியில் போடும் முன் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கணினி அதைக் காலித் தட்டு என்று சொல்லும். அதை நம்பி அழித்துவிடாதீர்கள். தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் இந்தச் சின்னத் தட்டைப் போட்டால் சிக்கிக்கொள்ளும். தட்டை வைக்கும் டிரே உள்ள டிரைவில் மட்டும் போடுங்கள்.

ஓட்டும் முன் ஐந்து நிமிடம்

கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சகஜம். அதைக் கேமராவில் போடவே வேண்டாம்; டேப்பும் அறுந்துபோகும், கேமராவின் ஹெட்டிலும் பூஞ்சை ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து, டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நன்றாக இருக்கும் கேசட்டில், பின்பக்கம் இருக்கும் சின்னத் தாழை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பழையது அழியாது. விஹெச்எஸ் கேசட்டில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்து எடுத்துவிட வேண்டும்.

முதலில் போடுவது முக்கியமான கேசட்டாக இருக்கக் கூடாது. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால், அடுத்த கேசட்டை ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்குங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த டேப் கொஞ்சம் தளர்ந்துகொள்ளும். கட்டம் கட்டமாகப் படம் உடைந்தால் ஹெட் கிளீனர் கேசட்டைச் சில விநாடிகள் ஓட்டுங்கள். பேட்டரியை நம்பாமல், கரன்டில் போடும் அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

எந்தக் கேமராவில் எடுத்ததோ, முடிந்தவரை அதே கேமராவில் ஓட்டுங்கள். ‘எல்பி’ முறையில் 60 நிமிட கேசட்டில் 90 நிமிடம் எடுத்திருந்தால், வேறு கேமராவில் படம் உடைய வாய்ப்பு அதிகம்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

எல்லோராலும் கார்டு மாட்டி, டிரைவர் தேட முடியாது. ஸ்டுடியோவில் கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. ஆனால், மூன்று கேள்வி கேளுங்கள்.

‘மினி டிவி கேசட்டை ஃபயர்வயரில் எடுப்பீங்களா, மஞ்சள் வயரிலா?’ மஞ்சள் வயர் என்றால் வேறு கடை பாருங்கள்.

‘டிவிடியாகக் கொடுப்பீங்களா, கோப்பாகவா?’ டிவிடியில் போடும்போது வீடியோ இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. ஹார்டு டிஸ்க் கொண்டுபோய்க் கொடுத்து, சுருக்காத ‘ஏவிஐ’ கோப்பாகவே கேளுங்கள். செல்போனில் பார்க்க ‘எம்பி 4’ வடிவத்தில் ஒரு நகல் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

‘கேசட்டைத் திருப்பித் தருவீங்கதானே?’ கண்டிப்பாக வாங்கிவிடுங்கள். முதல் தடவை ஒரே ஒரு கேசட் மட்டும் கொடுங்கள். வந்ததை வீட்டில் கடைசி வரை பார்த்த பிறகு மற்றவற்றைக் கொடுக்கலாம்.

திருச்சி வாசகிக்கு

அம்மா, உங்களுக்கு வேண்டியது ஃபயர்வயர். வீட்டில் டெஸ்க்டாப் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டும், 4 பின்னிலிருந்து 6 பின் கேபிள் ஒன்றும் போதும். கார்டை மாட்டுவது, டிரைவர் போடுவது, மென்பொருளை இறக்குவது எல்லாம் உங்கள் மகன் பார்த்துக்கொள்வார். கொழுந்தனாரின் மூன்று கலர் வயரையும் தூக்கிப் போட வேண்டாம். ஒருவேளை ஃபயர்வயர் ஓட்டை கெட்டுப்போயிருந்தால், மாற்று வழி அதுதான். தரம் கொஞ்சம் குறைந்தாலும் குரல் வந்துவிடும்.

மாமனார் பேசும் கேசட்டை முதலாவதாகப் போடாதீர்கள், கடைசிக்கும் தள்ளாதீர்கள். மூன்றாவதாகப் போடுங்கள். முதல் இரண்டில் உங்களுக்குக் கை பழகியிருக்கும், கேமராவும் களைத்திருக்காது.

மற்றவர்களுக்கு

கணினிக்கு வந்துவிட்டது என்றால் வேலை முடியவில்லை. ஒரு நகல் உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் வருடம், நிகழ்ச்சி, ஊர் என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். திரையில் வருகிறவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து பார்த்து எழுதி வையுங்கள். அதற்கு எந்தக் கடையிலும் கேபிள் கிடைக்காது.

கேசட் காத்திருக்கும் என்று நினைக்கிறோம். டேப் வருடத்துக்கு வருடம் தளர்கிறது. அதை ஓட்டும் கேமராக்களும், இணைக்கும் கார்டுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கேமராவை எடுத்து, அடாப்டரைச் சொருகி, அது ஆன் ஆகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆன் ஆகிறது என்றால், பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அந்த எழுத்துதான் நீங்கள் கடையில் கேட்க வேண்டிய கேபிளின் பெயர்.